அண்டர்கிரவுண்டில் பெல்லட் அடுப்பு வைக்கலாமா?

அடுப்பு, பாய்லர், புகைபோக்கி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கிருஷ்ணகிரி வட்டாரத்து மாம்பழக்கூழ் ஆலைகளில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு மாடி வீடு. பின்பக்கச் சந்துக்கு வந்தால் அதற்கும் கீழே ஒரு அண்டர்கிரவுண்டு அறை. மூன்று பக்கம் மண், சந்துப் பக்கம் மட்டும் ஒரு கதவும் ஒரு வென்டிலேட்டரும். அங்கேதான் நானும் மூன்று பெண்களும் நிப்பட்டு, முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறோம். கீழறையில் காஸ் சிலிண்டர் வைக்கக்கூடாது என்று சொன்னார்கள். அதனால் தருமபுரியில் மூடிவிட்ட ஒரு ஹாஸ்டல் சமையலறையிலிருந்து பழைய பெல்லட் அடுப்பு ஒன்றை வாங்கினோம். மரத்தூள் மாதிரிப் பொருளை அழுத்திச் செய்த குட்டித் துண்டுகள்தான் பெல்லட், அதுதான் இதில் எரியும். பக்கத்தில் பெல்லட் கொட்டும் பெட்டி, அடியில் ப்ளோயர், பின்னால் 6 அங்குலப் புகைவாய். கையேடு கிடைக்கவில்லை. 4 அங்குல பி.வி.சி. பைப்பை வென்டிலேட்டர் வழியாகச் சந்தில் விட்டு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். இப்போதைக்குப் பைப் இல்லாமல், கதவைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்க்கிறோம். புகை கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் அடுப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பாக்கெட் போடும்போது நாலு பேருக்கும் தலைவலி வருகிறது. எண்ணெய்ப் புகையாலா? பின்பக்கக் காலி இடம் கொழுந்தனார் பங்கு, அங்கே கொட்டகை போட முடியாது.

— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அம்மா, பைப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். இதைப் படித்த கையோடு அந்த அடுப்பை நிறுத்துங்கள். புகைபோக்கி ஏறி முடியும்வரை பற்றவைக்காதீர்கள்.

எண்ணெய்ப் புகை என்றால் கண் எரியும், தொண்டை கமறும், அதுவும் சுடும்போதே தெரியும். உங்களுக்கு அடுப்பு நின்ற பிறகு வருகிறது, நாலு பேருக்கும் ஒன்றாக வருகிறது. இது கார்பன் மோனாக்சைடு வேலை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல். அதற்கு மேல் போனால் எழுந்து கதவு வரைக்கும் நடக்கக் கால் வராது.

"புகை தெரியவில்லை" என்கிறீர்களே, அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ப்ளோயர் ஓடி, பெல்லட் தகதகவென்று எரியும்போது இந்த அடுப்பு ஓரளவு சுத்தமாகத்தான் எரியும். ஸ்விட்சை அணைத்ததும் காற்று நின்றுவிடும், ஆனால் அடுப்புக்குள் பெல்லட் எரிகிற சட்டியில் இருக்கும் கங்கு நிற்காது. காற்றுப் பற்றாமல் கனன்றுகொண்டே இருக்கும். அரைகுறையாக எரிகிற அந்த நேரத்தில்தான் விஷவாயு அதிகம். நீங்களோ சரியாக அந்த நேரம் பார்த்து, அதே அறையில் உட்கார்ந்து பாக்கெட் போடுகிறீர்கள். பாக்கெட் போடும் வேலையை இன்றைக்கே மேலே மாற்றுங்கள்.

இன்னொரு தடவை தலைவலி வந்தால், எல்லோரும் வெளியே வந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "மூடிய அறையில் அடுப்பு எரிந்தது" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி 98, 99 என்று காட்டும், அதை நம்பக்கூடாது. அந்தக் கருவிக்கு இரண்டு வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடும். வேலை செய்கிற பெண்களில் யாராவது கர்ப்பமாக இருந்தால், அவர்களை அந்த அறைப் பக்கமே விடாதீர்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து கூடுதல்.

சிலிண்டர் விஷயத்தில் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் பள்ளத்தில் தேங்கி, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். ஆனால் சிலிண்டரை விட்டு பெல்லட்டுக்கு வந்தால் பள்ளத்தின் ஆபத்து போய்விடாது, வேறு மாதிரி வரும்.

இனி பைப்புக்கு வருவோம். பி.வி.சி. 80 டிகிரி சூட்டுக்கே இளகிவிடும். அடுப்பின் வாயில் வரும் புகை அதைப்போல இரண்டு பங்குக்கு மேல் சூடாக இருக்கும். அளவும் தப்பு. 6 அங்குல வாயை 4 அங்குலத்தில் அடக்கினால், புகை போகிற வழி பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. 4 நாலு 16, 6 ஆறு 36, கணக்குப் போட்டுப் பாருங்கள். போக முடியாத புகை பெட்டி வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் அறைக்குள்தான் வரும். சந்தில், ஆள் முகத்துக்கு நேராகப் புகையை விட்டால் அது வென்டிலேட்டர் வழியாகத் திரும்ப உள்ளே வரும். வராவிட்டால் எதிர்வீட்டுக்காரர் வருவார்.

எக்ஸாஸ்ட் ஃபேன் என்றதும் எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. பாய்லரில் எஃப்.டி. ஃபேன் காற்றை உள்ளே தள்ளும், ஐ.டி. ஃபேன் புகையை வெளியே இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் நெருப்பு இருக்கும், இரண்டின் அளவையும் பார்த்துப் பார்த்து வைத்திருப்போம். உங்கள் அறையில் ஃபேன் காற்றை வெளியே இழுத்தால், அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். மூன்று பக்கம் மண். கதவைச் சாத்திவிட்டால் மிச்சம் இருப்பது புகைக்குழாய் ஒன்றுதான். ஃபேன் அதன் வழியாகக் காற்றை இழுக்கும், குழாயில் ஏற வேண்டிய புகை கீழே இறங்கும். புகைபோக்கியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஒரே அறையில் சக்களத்திகள் மாதிரி. காற்று வர வழி வைக்காமல் இரண்டையும் குடிவைக்கக் கூடாது.

ஆகவே முதல் செலவு சுவரில் ஓட்டை. சந்துப் பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில் திறப்பு வையுங்கள். எலி நுழையாத கம்பி வலை போடலாம். சாத்துகிற மாதிரிப் பலகையோ ஷட்டரோ மட்டும் வேண்டாம். சாரல் அடித்தால் யாராவது சாத்திவிடுவார்கள், அப்புறம் திறக்க ஞாபகம் வராது. கதவைத் திறந்துவைத்து ஓட்டுவதை நான் ஏற்றுக்கொள்ளாததும் இதனால்தான். எண்ணெய்ப் புகைக்கு வாணலிக்கு மேலே ஹூடும் ஃபேனும் வைத்தால், இந்தத் திறப்பை அந்த ஃபேனின் வாயைவிடப் பெரிதாக்குங்கள்.

அப்புறம் குழாய். எஸ்.எஸ். 304 என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில், 6 அங்குலத்திலேயே அடியிலிருந்து நுனி வரை போக வேண்டும். ஜி.ஐ. தகடு மலிவுதான், ஆனால் அடுப்புக்கு ஒட்டின இடத்தில் சூடு ஏறினால் துத்தநாகப் பூச்சு புகைந்து நெஞ்சை அடைக்கும். அடுப்பு வாயிலிருந்து கொஞ்சம் மேலே ஏற்றி, ஒரே ஒரு எல்போ (வளைவுத் துண்டு) போட்டு, சுவரைத் தாண்டுங்கள். படுக்கையாகப் போகிற துண்டு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அதுவும் வெளிப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். சுவருக்கு வெளியே ஒரு டீ (T வடிவ இணைப்பு), டீயின் அடியில் கழற்றிச் சுத்தம் செய்ய மூடி. அங்கிருந்து நேராக மேலே, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி இன்னும் 3 அடி. மேலே மழைத் தொப்பி. ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு இடத்தில் க்ளாம்ப். ஜன்னல், கரண்டு வயர், நிலைச்சட்டம் எதையும் உரசக்கூடாது.

வெளிக்குழாய்க்கு ராக்வுல் (சூட்டை வெளியே விடாத கல் பஞ்சு) சுற்றி மேலே அலுமினியத் தகடு அடிக்கச் சொல்லுங்கள். நாங்கள் லேக்கிங் என்போம். பட்டறைக்காரர் "இது எதுக்கும்மா, வீண் செலவு" என்பார். குழாய்க்குள் சூடு இருந்தால்தான் புகைக்கு ஏற்றம் இருக்கும். கார்த்திகை, மார்கழிப் பனியில் வெறும் தகடு சில்லென்று ஆகி, புகை உள்ளேயே தண்ணீராகி, கரியோடு சேர்ந்து தாராக வழியும்.

சித்திரை வெயிலில் இதற்கு நேர் எதிர்த் தொல்லை ஒன்று இருக்கிறது. வெளியே கொதிக்கும், உங்கள் கீழறை குளுகுளுவென்று இருக்கும். மத்தியானம் அடுப்பு பற்றவைக்கப் போனால், குழாயில் காற்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பற்றவைத்ததும் புகை முகத்தில் அடிக்கும். அன்றைக்கு டீயின் அடி மூடியைத் திறந்து, ஒரு பழைய பேப்பரைக் கொளுத்தி உள்ளே காட்டுங்கள். குழாய் சூடேறி மேல்நோக்கி இழுக்க ஆரம்பித்த பிறகு மூடியைப் போட்டு, அடுப்பைப் பற்றவையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஊதுபத்தி போதும் சோதனைக்கு. கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, அடுப்பை எரியவிட்டு, ஊதுபத்தியை ஒவ்வொரு இணைப்பிலும் பெட்டி மூடி ஓரத்திலும் காட்டுங்கள். பத்திப் புகை இடுக்குக்குள் இழுபட்டால் சரி. தள்ளப்பட்டு விலகினால் அங்கே கசிகிறது.

பழைய அடுப்பு என்பதால் இன்னும் சில. எரிகிற சட்டியைக் கழற்றி, காற்று ஓட்டைகளைக் கம்பியால் குத்திப் பாருங்கள். ஹாஸ்டலில் ஓடின அடுப்பு என்றால் பாதி ஓட்டை கிட்டம் (உருகி இறுகின சாம்பல்) பிடித்து அடைந்திருக்கும். சாம்பல் கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுங்கள். நோட்டு லேசாக உருவி வந்தால் அந்த இடத்தில், கதவு இடுக்கை அடைக்கிற கயிறு தேய்ந்துவிட்டது. புதிதாக செராமிக் கயிறு போடச் சொல்லுங்கள். அதில் இருக்கும் பழைய கயிறு வெள்ளையாகப் பஞ்சு பஞ்சாக உதிர்ந்தால் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். நனைத்து எடுத்துக் கவரில் கட்டுங்கள், சுரண்டிப் பறக்கவிடாதீர்கள். உடம்புத் தகட்டில் வெல்டிங் விட்டிருந்தாலோ துரு ஓட்டை விழுந்திருந்தாலோ அது பேரீச்சம்பழத்துக்குத்தான்.

கரண்டு போனால் ப்ளோயர் நிற்கும், நான் முதலில் சொன்ன கங்குக் கதை நடக்கும். ப்ளோயருக்கு மட்டுமாவது இன்வெர்ட்டர் கொடுங்கள். வேலை முடியும்போதும் பெல்லட் போடுவதை முன்னாலேயே நிறுத்தி, சட்டியில் இருப்பது எரிந்து தீரும்வரை ப்ளோயரை ஓடவிடுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் வாரிச் சந்தில் வையுங்கள்.

பெல்லட் மூட்டைகளையும் கீழே அடுக்காதீர்கள். ஈரம் இழுத்தால் ஊதிப் பொடியாகிவிடும். அதோடு, மூடிய அறையில் மொத்தமாகக் குவித்த பெல்லட்டிலிருந்தே, நெருப்பில்லாமலே, கார்பன் மோனாக்சைடு வரும். மேலே காற்றோட்டமான இடத்தில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை இறக்குங்கள். கடலைத்தொட்டி (நிலக்கடலை ஓடு) பெல்லட் நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் மரத்தூள் பெல்லட்டைவிடச் சாம்பல் அதிகம். சட்டியைத் தினமும் தட்ட வேண்டும், புகைக்குழாயின் அடி மூடியை வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியில் ஓடுவது ஒன்று வாங்கி, உட்கார்ந்து வேலை செய்கிறவர் தலை உயரத்தில் மாட்டுங்கள். புகை அலாரத்தைக் கொடுத்து இதுவும் அதுதான் என்பார்கள், வாங்காதீர்கள். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தில் சொல்லி ஒருமுறை வந்து பார்க்கச் சொல்வதும் நல்லது. கொதிக்கிற எண்ணெய், ஒரே கதவு, அதுவும் கீழறை. அடுப்பு கதவுக்குப் பக்கத்தில் இருந்தால், தீப்பிடித்தால் நாலு பேரும் அதைத் தாண்டித்தான் ஓட வேண்டும். அடுப்பை உள்கோடியில் வைத்து, ஆட்கள் கதவுப் பக்கம் நிற்கிற மாதிரி அமையுங்கள். குழாயின் படுக்கைத் துண்டு கொஞ்சம் நீளும், நீளட்டும்.

இவ்வளவுக்கும் ஆகிற செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒருமுறை கொழுந்தனாரிடம் வாடகை பேசிப் பாருங்கள். நாலு தகரம் போட்ட திறந்த கொட்டகைக்கு எந்தக் கீழறையும் ஈடாகாது.

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறோம். மார்கழி, தை மாதங்களில் புழு வளர்க்கும் மனையில் குளிர் தாங்கவில்லை. கரிக் குமுட்டி வைக்கிறோம். அதற்குப் பதில் சின்ன பெல்லட் அடுப்பு வைக்கலாமா?

— வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: மனைக்கு உள்ளே எதையும் எரிக்காதீர்கள், கரியும் வேண்டாம், பெல்லட்டும் வேண்டாம். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி, வளர்ந்த புழுவுக்கு 24 முதல் 26 டிகிரி வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சூடு வேண்டும், புகை வேண்டாம். அடுப்பை வெளித் திண்ணையில் வைத்து, புகைக்குழாயை மட்டும் மனையின் ஒரு பக்கச் சுவரோரமாக உள்ளே ஓட்டி, மறுபக்கம் வெளியேற்றி உயரத் தூக்குங்கள். குழாயின் சூட்டில் அறை சூடாகும். உள்ளே இணைப்பே இல்லாத ஒரே துண்டாக இருந்தால் உத்தமம். சூடு ஏறினால் ஈரப்பதம் இறங்கும், ஈரச் சாக்குத் தொங்கவிட மறக்காதீர்கள். குமுட்டி வைத்த மனையில் காவலுக்கு யாரும் படுக்கவே கூடாது. ஊட்டி, கொடைக்கானலில் அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்!

கேள்வி: ஓசூரில் வீட்டின் கீழ்த்தள அறைக்கு, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்த அமெரிக்க பெல்லட் ஹீட்டர் விலைக்கு வருகிறது. 110 வோல்ட். டிரான்ஸ்பார்மர் போட்டால் ஓடுமா?

— வாசகர், ஓசூர்

பதில்: வோல்ட்டை டிரான்ஸ்பார்மர் குறைத்துக் கொடுக்கும், ஹெர்ட்ஸை, அதாவது கரண்டு நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, மாற்றாது. அங்கே 60, இங்கே 50. அதில் இருக்கும் சாதாரண ஏ.சி. மோட்டார்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். பெல்லட் தள்ளும் திருகும் மெதுவாகும், புகையை வெளியே தள்ளும் ஃபேனும் மெதுவாகும். கண்ணாடி கருக்கும், குழாயில் கரி கட்டும். இன்னொன்று, அந்த ஹீட்டர்கள் சாம்பல் 1 சதவீதம்கூட இல்லாத மரத்தூள் பெல்லட்டுக்காகச் செய்தவை. நம் கடலைத்தொட்டி பெல்லட்டைப் போட்டால் இரண்டே நாளில் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் செய்த 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஹீட்டராக இருந்தால் மறுபடி எழுதுங்கள், குழாய் எப்படிப் போடுவது என்று சொல்கிறேன். இது வேண்டாம். ஓசூர்க் குளிருக்கு ஒரு நல்ல கம்பளியும் சாத்துகிற ஜன்னலும் போதும்.