அந்த நோட்டை மூடச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகள் லண்டனில் பிறந்து வளர்ந்தவள், ஆங்கிலம்தான் அவளுக்குச் சரளம். இத்தாலிய மொழி ஓரளவு கற்றுக்கொண்டு, படிப்புக்காக வரும் செப்டம்பரில் இத்தாலியின் பொலோன்யா நகருக்குப் போகிறாள். ஒரு பக்கம் ஆங்கிலப் பழமொழி, எதிர்ப் பக்கம் அதற்கு நிகரான இத்தாலியப் பழமொழி என்று நோட்டு முழுக்க எழுதி மனப்பாடம் செய்கிறாள். இது உதவுமா, இல்லை முதலில் இலக்கணத்தை முடிக்கச் சொல்லட்டுமா?
ஒரு வாசகர், லண்டன்

பதில்: அந்த நோட்டை மூடச் சொல்லுங்கள். பெண்ணின் ஆர்வத்தை நான் குறை சொல்லவே இல்லை, இவ்வளவு ஆர்வம் உள்ளவள் மொழியைப் பிடித்துவிடுவாள். கோளாறு அந்த எதிர்ப் பக்கத்தில்தான்.

'கி தோர்மே நோன் பீல்யா பெஷி' என்று ஒன்று இருக்கிறது, தூங்குகிறவனுக்கு மீன் அகப்படாது என்று அர்த்தம். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களின் பட்டியல்களில் இதற்கு எதிரே, முந்தி எழுந்த பறவைக்குத்தான் புழு என்ற ஆங்கிலப் பழமொழியைப் போட்டிருப்பார்கள். ஆனால் இத்தாலியர் இதைச் சொல்வது விடியற்காலையில் எழுவதைப் பற்றி இல்லை. கண்முன்னால் வாய்ப்பு இருந்தும் சும்மா உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்துச் சொல்வது, அது சாயங்காலம் ஆறு மணிக்கும் நடக்கும். அதிகாலையின் அருமையைச் சொல்ல அவர்களிடம் வேறு ஒன்று உண்டு: காலைப்பொழுது வாயில் தங்கத்தை வைத்திருக்கிறது என்பார்கள். நிகர் என்று ஒட்டிவைத்துப் படிக்கிறவள் வார்த்தையைச் சரியாகச் சொல்லி, சமயத்தைத் தப்பாகப் பிடிப்பாள்.

உண்மையிலேயே நிகரானவையும் நிறைய உண்டு. குரைக்கிற நாய் கடிக்காது, மின்னுவதெல்லாம் பொன்னல்ல, ரோம் ஒரே நாளில் கட்டப்படவில்லை, இவையெல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றேதான். ஆங்கிலேயர் ஒரு கல்லில் இரண்டு பறவைகளை அடிக்கிறார், இத்தாலியர் ஒரு மொச்சைக்கொட்டையை வைத்து இரண்டு புறாக்களைப் பிடிக்கிறார். காதில் விழுந்த உடனே புரிகிற இவற்றுக்கு மனப்பாடம் எதற்கு?

அவள் படிக்கவேண்டியது, யார் யாரிடம் எப்போது சொல்கிறார்கள், கேட்டவர் திருப்பி என்ன சொல்கிறார் என்பதை. இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வுகள் அதிகம். பேராசிரியரின் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும், மதிப்பெண் 30-க்கு, தேற 18 வேண்டும். உள்ளே போகும்போது கூடப் படிக்கிறவர்கள் அவளைப் பார்த்து 'இன் போக்கா அல் லூப்போ' என்பார்கள், அதாவது ஓநாயின் வாய்க்குள். நாடக மேடை ஏறுகிறவரிடம் காலை உடைத்துக்கொள் என்று ஆங்கிலத்தில் வாழ்த்துவார்களே, அந்த வகை. இதற்கு 'கிராத்சியே' என்று நன்றி சொல்லிவிட்டுப் போனால் அது ராசியில்லை என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'கிரேப்பி' என்று சொல்லவேண்டும், ஓநாய் செத்தொழியட்டும் என்று பொருள். சமீப காலமாக, தாய் ஓநாய் குட்டியை வாயில் கவ்விக் காப்பாற்றுகிறதே என்று சொல்லி, ஓநாய் வாழ்க என்று பதில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பதில் பாதியை எதிர்ப் பக்கத்தில் எப்படி எழுதுவாள்?

அப்புறம், பழமொழியை முழுசாகச் சொல்கிற பழக்கமும் அங்கே குறைவு. உங்கள் மகளிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் என்றால், போய் இறங்கி எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பம் கொடுக்கவேண்டும். அட்டை எப்போது கையில் வரும் என்று கேட்டால் யாராவது 'காம்ப்பா கவால்லோ' என்று பெருமூச்சு விடக்கூடும். குதிரையே, உயிரோடு இரு, புல் வளரும் என்பது முழுப் பழமொழி, புல்லை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் சொல்வார்கள், இப்போதைக்கு வராது என்று அர்த்தம். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் கடல் இருக்கிறது என்ற பழமொழியும் அப்படித்தான், 'த்ரா இல் தீரே ஏ இல் ஃபாரே' என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள், கடல் கேட்பவர் மனதில் வந்துவிடும். முழு வாக்கியத்தை நெட்டுருப் போட்டவளுக்குக் காதில் விழுந்த பாதி அடையாளம் தெரியாமலே போய்விடலாம்.

இலக்கணம் முதலில், மரபுத்தொடர் பிறகு என்கிற உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி இந்த மொழியில் நிற்காது. ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல் பின்னால் ஒட்டினால் வினையின் அர்த்தமே மாறுகிறதல்லவா, இத்தாலியத்தில் அந்த வேலையைச் 'சே', 'லா', 'நே' போன்ற துணுக்குகள் செய்கின்றன. 'மே லா காவோ' என்றால் ஏதோ சமாளிக்கிறேன். 'சே லோ ஃபாத்தா' என்றால் சாதித்துவிட்டேன். 'நோன் தே லா ப்ரெந்தெரே' என்றால் மனசில் வைத்துக்கொள்ளாதே. இவற்றில் இலக்கணம் எங்கே முடிகிறது, மரபு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கமுடியாது. ஒரு நாளில் பலமுறை காதில் விழுவது இவைதான், பழமொழி எப்போதாவதுதான். இவற்றைப் படிக்கட்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தவை சரித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிற தொடர்கள். ஒரு வீட்டில் பெரிய ரகளை நடந்தால் 'ஒரு நாற்பத்தெட்டு நடந்தது' என்பார்கள். 1848-ல் பலேர்மோவில் ஜனவரியில் கிளம்பிய கிளர்ச்சி, மார்ச்சில் மிலான் மக்கள் ஐந்து நாள் தெருவில் நின்று ஆஸ்திரியப் படையை விரட்டியது, வெனிஸ் எழுந்தது எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. படுதோல்வி என்றால் 'ஒரு காப்போரெத்தோ', கால்பந்துத் தோல்விக்குக்கூட. முதல் உலகப்போரில், 1917 அக்டோபரில் ஆஸ்திரிய, ஜெர்மன் படைகள் இத்தாலியப் படையின் வரிசையை உடைத்த ஊர் அது, இன்று ஸ்லோவேனியாவில் இருக்கிறது. அகங்காரத்தை விட்டு மன்னிப்புக் கேட்கப் போவதைக் கனோஸ்ஸாவுக்குப் போவது என்பார்கள், 1077-ல் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி போப் ஏழாம் கிரெகரியின் முன் மன்னிப்புக் கேட்டுப் போய் நின்ற கோட்டை அது. உணவோ படமோ சுமார்தான் என்பதைப் பழியும் இல்லை புகழும் இல்லை என்று சாதாரணமாகச் சொல்கிறார்களே, அது பழைய இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்தின் வாசலில் நிற்பவர்களைப் பற்றி எழுதியது. இதையெல்லாம் ஆங்கில நிகர் ஒன்றைப் போட்டு மூடுவது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றையும் எச்சரித்துவிடுங்கள். பழைய பட்டியல்களில் 'மனைவியும் எருதும் உன் ஊரிலிருந்தே' என்பது போன்றவை எந்தக் குறிப்பும் இல்லாமல் கிடக்கும். இத்தாலியில் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு கல்யாணம் செய்தவர்கள் நடுவில் ஒரு வெளிநாட்டுப் பெண் இதைச் சொன்னால், ஒப்பித்த திறமையை யாரும் பாராட்டமாட்டார்கள்.

புது நோட்டு போடட்டும். ஒரு தொடரை அங்கே யாராவது சொல்லி இரண்டு தடவையாவது கேட்ட பிறகு எழுதட்டும்: சொன்னவர் யார், எந்த இடம், எந்தக் குரலில், முழுதா பாதியா, பதில் என்ன. ஆங்கிலப் பத்தி வேண்டாம். சந்தேகம் வந்தால் சொன்னவரையே கேட்கட்டும், தங்கள் மொழியைப் பற்றி ஆசையாகக் கேட்கிற பிள்ளைக்கு விளக்க ஆள் கிடைக்காமல் போகாது. முதல் சில மாதம் புரிந்துகொள்வதோடு நிற்கட்டும், பழமொழி அவள் வாயிலிருந்து தானாக வரும்போது வரட்டும். கிளம்புவதற்கு முன் கட்டாயம் சொல்லிப் பழகவேண்டியது ஒன்று உண்டென்றால் 'நோன் வேதோ லோரா', எப்போது எப்போது என்று காத்திருக்கிறேன் என்பது. தங்கப்போகும் வீட்டாருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே அதைப் போடலாம்.