பற்றரி இறங்குதா? ஓல்டனேற்றரைக் கழற்ற முதல் இதைப் பாருங்கள்

அண்ணை, உழவு மெசினுக்குப் புதுப் பற்றரி போட்டு இரண்டு மாதம்தான். காலையில் ஸ்ராட் வருகுதில்லை. கராச்சில் ஓல்டனேற்றரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றவா? (ஒட்டுசுட்டான்)

பொறுங்கள், ஓல்டனேற்றர் என்பது எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கருவி, அதை மாற்றிக் காசைக் கொட்ட முதல் வோல்ற் அளக்கிற ஒரு மீற்றரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற மெசினில், சாவி போட முதல், பற்றரியின் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். 12.6 வோல்ற் என்றால் நிறைந்த பற்றரி, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 12க்குக் கீழே என்றால் முதலில் வெளியே சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள், இறங்கின பற்றரியை வைத்துச் செய்கிற சோதனை எதையும் நம்ப ஏலாது. அப்புறம் ஸ்ராட் எடுத்துக் கொஞ்சம் றேஸ் பண்ணினால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் வரவேண்டும், லைற் எல்லாம் போட்டாலும் பெரிதாக விழக்கூடாது.

வரவில்லையா? அப்பவும் ஓல்டனேற்றரைக் கழற்றாதீர்கள். பெல்ற் தளர்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள். அது சரியென்றால், எஞ்சின் ஓடும்போதே, லைற்றைப் போட்டுக்கொண்டு, மீற்றரின் ஒரு முனையை ஓல்டனேற்றரின் பின்னால் தடித்த வயர் பூட்டின போல்ற்றிலும் மற்றதைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் கோளாறு வயரிலோ முனையிலோ இருக்கிறது. அடுத்து ஓல்டனேற்றரின் உடம்புக்கும் பற்றரியின் மைனஸ்ஸுக்கும் இடையில் அளவுங்கள், 0.2க்கு மேல் போனால் எர்த், அதாவது பற்றரியின் மைனஸை மெசினின் உடம்போடு சேர்க்கிற இணைப்பு, சரியில்லை. எங்கள் பக்கத்தில் நான் கூடுதலாகக் காண்பது இந்த எர்த் கோளாறுதான். செம்மண் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து போல்ற்றுக்கடியில் இறுகிவிடும், இல்லையென்றால் மெசினுக்குப் பெயின்ற் அடித்தவர் எர்த் வயர் இருக்கிற இடத்துக்கும் சேர்த்து அடித்திருப்பார். சுரண்டி இறுக்கினால் முடிந்தது, செலவு ஒரு உப்புத்தாள்.

வான் ஓடும்போது சார்ஜ் லைற் மங்கலாக எரியுது. இரண்டு நாள் நின்றால் பற்றரி காலி. (முல்லைத்தீவு)

ஓல்டனேற்றருக்குள் மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற டயோட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். எஞ்சின் ஓடும்போது மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்துப் பற்றரியில் அளவுங்கள், 0.5க்கு மேல் வந்தால் சந்தேகம் உறுதியாகிறது. இன்னொரு அடையாளம், வண்டி இரவு முழுக்க நின்றும் காலையில் ஓல்டனேற்றர் தொட இளஞ்சூடாக இருக்கும், கசிகிற டயோட் வழியாகப் பற்றரி இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிச்சயமாகத் தெரிய, எல்லாம் நிறுத்தி, மைனஸ் வயரைக் கழற்றி அம்பியர் மீற்றரை இடையில் போடுங்கள். சாதாரண வானில் கொஞ்ச நேரத்தில் 50 மில்லி அம்பியருக்குக் கீழே வந்துவிட வேண்டும். கூடினால், மைனஸ் கழன்று இருக்கும்போதே ஓல்டனேற்றரின் தடித்த வயரையும் கழற்றி, நுனியை இன்சுலேசன் ரேப்பால் சுற்றிவிட்டுத் திரும்ப அளவுங்கள். குறைந்தால் கள்ளன் அவன்தான். குறையவில்லையென்றால் பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், இடையில் வாங்கிப் பூட்டின பாட்டு செற்றையும் மறக்க வேண்டாம்.

ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி, எஞ்சின் நிற்காவிட்டால் சார்ஜ் ஆகுது என்கிறார்களே? (மாங்குளம்)

ஓல்டனேற்றருக்கு முன்னிருந்த டைனமோ காலத்துப் பழக்கம், விட்டுவிடுங்கள். ஓல்டனேற்றரில் இப்படிச் செய்தால் வோல்ற் ஒரே பாய்ச்சலாக ஏறி, அதைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றர், டயோட், கொம்பியூட்டர் உள்ள வண்டியென்றால் அதையும் சேர்த்துக் கொண்டுபோகும். டீசல் எஞ்சினில் இது எதையும் நிரூபிப்பதும் இல்லை, பழைய டீசல் பற்றரி இல்லாமலே ஓடும்.

24 வோல்ற் லொறி. கிழமைக்கு ஒருக்கால் பற்றரித் தண்ணீர் வற்றுது, நாற்றமும் வருது. (கிளிநொச்சி)

கூடச் சார்ஜ் ஆகிறது. ஓடும்போது 28, 28.5 அளவில் நிற்கவேண்டியது 30ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் போய்விட்டது. ஒரே ஒரு அறையில் மட்டும் வற்றினால் அது பற்றரியின் கோளாறு. வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், அமிலம் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு பிளேற்றைக் கெடுக்கும். மணக்கிற நேரம் கிட்டப் போய் பீடி பற்றவைக்கவும் வேண்டாம்.

வெட்டு மெசின் அடுத்த போகம் வரை நிற்கும். பற்றரியை என்ன செய்ய? (புதுக்குடியிருப்பு)

மைனஸைக் கழற்றி வையுங்கள், மாதம் ஒருமுறை அளந்து 12.4க்கு வந்தால் சார்ஜ் போடுங்கள். இறங்கினபடி கிடந்தால் பிளேற்றில் சல்பேற் இறுகி அது திரும்ப எழும்பாது. சீமெந்துத் தரையில் வைத்தால் இறங்கும் என்பது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துக் கதை. மூடியின் மேல் படிந்த புழுதியையும் அமில ஈரத்தையும் துடைத்து வையுங்கள், அது வழியாகத்தான் மெல்ல மெல்ல இறங்கும்.