போஸ்டரைக் கிழிக்க வேண்டாம்

வணக்கம் சகோதரி. பத்தாம் வகுப்பு மகள் கே-பாப் எனும் கொரிய பாப் இசைப் பாடகிகள் மாதிரி ஒல்லியாக வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், சிவப்பழகு கிரீம் பூசுகிறாள், போஸ்டர்களைக் கிழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிழிக்காதீர்கள். அப்புறம் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள்.

அந்தக் கலைஞர்கள் பட்ட பாட்டையே அவளோடு பேசுங்கள். ஓ மை கேர்ள் குழுவின் ஜின்இ, அனரெக்சியா என்ற உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை எடுக்க 2016இல் ஒதுங்கினார். 2017இல் குழுவை விட்டே விலகினார். பிடிஎஸ் என்ற கொரியப் பாடகர் குழுவின் தலைவர் ஆர்எம் 2018இல் ஐ.நா.வில் பேசியதைச் சேர்ந்து பாருங்கள். ஒன்பது பத்து வயதிலேயே அடுத்தவர் கண்ணால் தன்னைப் பார்க்கத் தொடங்கியதாகச் சொல்வார். நாம் சொன்னால் அறிவுரை, அவர் சொன்னால் காதில் ஏறும்.

கிரீம் விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். சிலவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கும். டியூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். மாதவிடாய் தள்ளிப்போனாலோ தலை சுற்றினாலோ பொது மருத்துவரையும் மனநல மருத்துவரையும் உடனே பாருங்கள்.

அப்புறம், வீட்டில் யாரும் அவளிடம் "கறுத்துட்டியே", "குண்டாயிட்டியே" என்று சொல்லக் கூடாது. பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.