பிரெஞ்சு பாஸ்போர்ட் வீட்டுக்காரர், ஜெர்மனியில குடித்தனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்க பாண்டிச்சேரி. வீட்டுக்காரருக்கு தாத்தா வழியா வந்த பிரெஞ்சு பாஸ்போர்ட், எனக்கு இந்தியன் பாஸ்போர்ட். கல்யாணம் முடிஞ்சு ஸ்டுட்கார்ட் வந்து அஞ்சு வருஷம் ஆகப்போகுது, இங்க குடியிருக்கறதுக்குக் குடுத்த கார்டும் முடியப்போகுது. நடுவுல பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயி எட்டு மாசம் இருந்துட்டேன், அதனால அஞ்சு வருஷக் கணக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்ங்கறாங்க பக்கத்து வீட்டுல. பி1 ஜெர்மன் பரீட்சை, 60 மாச பென்ஷன் பணம்னு வேற பயமுறுத்துறாங்க. அவருக்கும் ஆள் குறைப்புல நாலு மாசம் வேலை இல்லாம இருந்துச்சு. எனக்கு நிரந்தரமா குடியிருக்கற பர்மனென்ட் கார்டு கிடைக்குமா? (வாசகி, ஸ்டுட்கார்ட்)

பதில்: பக்கத்து வீட்டுக்காரங்க பொய் சொல்லலம்மா, வேற கார்டைப் பத்தி சொல்றாங்க. பி1, பென்ஷன் எல்லாம் ஐடி மாதிரி வேலை விசாவுல வந்தவங்க ஜெர்மன் உள்நாட்டுச் சட்டப்படி வாங்குற நிரந்தர அனுமதிக்குத்தான் (நீடர்லாசுங்ஸ்எர்லௌப்னிஸ்னு பேரு). உங்களுக்கு வர்றது, யூனியன் குடிமக்கள் குடும்பத்தோட வேற யூனியன் நாட்டுல குடியிருக்கறதைப் பத்தின ஐரோப்பிய யூனியனோட 2004/38 சட்டப்படி, அதுல மொழிப் பரீட்சையே கிடையாது. ஃபாரினர் ஆபீசுல அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "ஐரோப்பிய யூனியன் குடிமகனோட மனைவி"ன்னு தெளிவா சொல்லிடுங்க, இல்லன்னா கவுன்ட்டர்ல இருக்கறவங்களே தப்பான ஃபாரத்தை எடுத்து நீட்டுவாங்க.

வேணுங்கறது அஞ்சு வருஷம் விட்டுப்போகாம, சட்டப்படி அங்க குடியிருந்திருக்கணும்ங்கறதுதான். வருஷத்துல மொத்தமா ஆறு மாசம் வரைக்கும் வெளியில இருந்தா பிரச்சனையே இல்ல. அதுக்கு மேல, பிரசவம், பெரிய வியாதி, படிப்பு மாதிரி முக்கியமான காரணம்னா ஒரே ஒரு தடவை தொடர்ச்சியா 12 மாசம் வரைக்கும் போகலாம், உங்க எட்டு மாசம் அதுக்குள்ள அடங்கிடுது. ஆனா அந்தச் சலுகை ஒரு தடவைதான், ரெண்டாவது பிரசவமும் இந்த அஞ்சு வருஷத்துக்குள்ளயே வந்தா ஆறு மாசத்துக்குள்ள திரும்பிடுங்க. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, குழந்தையோட பர்த் சர்டிஃபிகேட், பாஸ்போர்ட்ல ஏர்போர்ட் சீல் இருக்கற பக்கம், இதையெல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க, ஆபீசுல இதைத்தான் மொதல்ல கேப்பாங்க.

பெரும்பாலும் கோட்டை விடறது வீட்டுக்காரர் பக்கத்துலதான். உங்க உரிமை அவர் மேலதான் நிக்குது, அந்த அஞ்சு வருஷமும் அவர் வேலையில இருந்திருக்கணும், இல்ல போதுமான வருமானமும் ஹெல்த் இன்ஷூரன்சும் இருந்திருக்கணும். வேலை போனதுல பயம் வேண்டாம், ஒரு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சு, தன் தப்பில்லாம வேலை போயி, வேலைவாய்ப்பு ஆபீசுல பதிஞ்சிருந்தா அவர் தொழிலாளிங்கற அந்தஸ்து போகாது. பதிஞ்ச பேப்பர் இருக்கான்னு பாருங்க, அது இல்லாட்டிதான் வம்பு.

இன்னொண்ணு, அஞ்சு வருஷம் கார்டு தேதியிலேர்ந்து இல்ல, நீங்க அவரோட அங்க வந்து குடியிருக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, ஏன்னா கார்டுங்கறது உரிமைக்கு அத்தாட்சி மட்டும்தான், உரிமை அதுக்கு முன்னாடியே வந்துடுது. ஆனா பழைய கார்டு முடியறதுக்குள்ள அப்ளை பண்ணிடுங்க, ஆறு மாசத்துக்குள்ள புதுசு தரணும்னு சட்டம். அதை பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். கிடைச்சப்புறம் அவர் வேலை விட்டாலும் உங்களுக்குப் பாதிப்பு இல்ல, ஆனா நீங்க ஜெர்மனியை விட்டு தொடர்ச்சியா ரெண்டு வருஷத்துக்கு மேல போனா உரிமை போயிடும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பிரெஞ்சு, நாங்க இருக்கறதும் பாரீஸ்லதான். இதே சட்டம் எனக்கும் உண்டா?

பதில்: கிடையாதும்மா. இந்தச் சட்டம் தன் நாட்டை விட்டு வேற யூனியன் நாட்டுக்குப் போனவங்களோட குடும்பத்துக்குத்தான், அவர் சொந்த நாட்டுல இருக்கறதால உங்களுக்கு பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டம்தான், பிரிஃபெக்சர்ங்கற அங்கத்து அரசு ஆபீசுலதான் கேக்கணும். ஒரு விதிவிலக்கு உண்டு. சுரிந்தர் சிங்னு ஒரு இந்தியர், மனைவி பிரிட்டிஷ்காரங்க, ஜெர்மனியில வேலை பாத்துட்டு ரெண்டு பேரும் இங்கிலாந்துக்குத் திரும்பினாங்க, அப்படித் திரும்பறவங்க குடும்பத்துக்கும் ஐரோப்பிய உரிமை உண்டுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 1992ல தீர்ப்பு சொல்லிச்சு. நீங்க ரெண்டு பேரும் பெல்ஜியமோ ஜெர்மனியோ போயி நிஜமாவே குடித்தனம் பண்ணிட்டு பாரீஸ் திரும்பியிருந்தா அந்தத் தீர்ப்பைக் காட்டலாம். லீவுக்கு ஒரு மாசம் சுத்திட்டு வந்ததெல்லாம் கணக்குல வராது.