நெல்லிரசப் போத்தல் ஏன் வெடிக்கிறது?

கேள்வி: வீட்டில் நெல்லிரசம் செய்து விற்கிறேன். சூட்டோடு ஊற்றும்போது சில போத்தல்கள் அடிப்பக்கம் வெடித்துவிடுகின்றன. லண்டனிலிருந்து மச்சாள் கொண்டுவந்த கிறிஸ்டல் போத்தல் நல்ல கனம். அதுபோலக் கனமான கண்ணாடி என்றால் தாங்குமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: தாங்காது. அந்தக் கிறிஸ்டலில் நெல்லிரசத்தை ஊற்றியும் வைக்காதீர்கள்.

அம்பன், வல்லிபுரம் பக்கத்து வெண்மணலில் இருக்கிறதே சிலிக்கா, அதுதான் கண்ணாடிக்கு அடிப்படை. தனியாக உருக்குவதென்றால் 1,700 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். சோடா சேர்த்தால் சூடு குறையப் போதும். ஆனால் சோடா மட்டும் என்றால் தண்ணீரில் கரைந்துவிடும், அதனால் சுண்ணாம்பும் போடுவார்கள். உங்கள் போத்தல்கள் இந்த வகைதான். உருக்குவதைச் சுலபமாக்கும் அதே சோடா தரும் சோடியம் ஒட்சைட்டு, சிலிக்காவின் அணுப் பின்னலை இடையிடையே அறுத்துத் தளர்த்தியும் விடுகிறது. தளர்ந்த பின்னல் சூடுபட்டால் கூடுதலாக விரியும். உட்பக்கம் விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் குளிர்ந்தபடியே இழுத்துப் பிடிக்கும். கண்ணாடி தடிப்பாக இருந்தால் இந்த இழுபறியும் கூடும். அடிப்பக்கம் முதலில் போவது அதனால்தான்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்து முகவை தணலுக்கு ஈடுகொடுப்பது வேறு காரணத்தால். அதில் சோடா 4% அளவுதான், போரோன் ஒட்சைட்டு 13% வரை இருக்கும். விரிவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆனால் நெல்லிரசம் விற்று அந்த விலை கட்டாது.

கிறிஸ்டலுக்கு வருவோம். அசல் ஈயக் கிறிஸ்டலில் ஈய ஒட்சைட்டு 24 சதவீதமாவது இருக்கும். கனமும் மினுக்கமும் அதனால் வருபவை. பலமென்று நினைத்துவிடாதீர்கள், மெத்தென்ற கண்ணாடி என்பதால்தான் அதில் அத்தனை பூவேலை வெட்ட முடிகிறது. நெல்லியின் புளிப்பு அந்த ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றுக்குள் இழுத்துவிடும். இப்போது ஈயத்துக்குப் பதில் பேரியம், நாக (துத்தநாக) ஒட்சைட்டுகள் சேர்த்தும் செய்கிறார்கள். எது என்று எழுதியிராவிட்டால் ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மச்சாள் கோவிக்கமாட்டா, அலுமாரியில் அழகுக்கு நிற்கட்டும்.

சரி, இருக்கிற போத்தல்களை என்ன செய்வது? கழுவியதும் சுடுதண்ணீரில் போட்டு மெல்லமெல்லச் சூடேற்றுங்கள். சாற்றுக்கும் போத்தலுக்கும் 40 பாகைக்கு மேல் வித்தியாசம் வரவிடாதீர்கள். சீமெந்துத் தரையில் வைக்காமல் மடித்த துவாயில் வைத்து ஊற்றுங்கள். கீறல் விழுந்த பழைய ஜாம் போத்தல்களைக் கழித்துவிடுங்கள். வெடிப்பு பெரும்பாலும் கீறலில்தான் தொடங்கும்.