முதலில் ஊகார வரிசை

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். ராத்திரியானால் இணையம்தான். பழைய கடைகளின் கையெழுத்துப் பலகைகளைப் படமெடுத்து ஒரு தளத்தில் சேர்க்கிறேன். எங்கள் ஊரில் பலகை எழுதும் ஓவியர் ஒருவரின் எழுத்தைக் கணினி எழுத்துருவாக (ஃபாண்ட்) மாற்றும் வேலை ஊகார வரிசையில் வந்து நிற்கிறது. இதற்கிடையே டிஸ்கார்டில் ஓர் அறை, டெலிகிராமில் ஒரு சேனல், மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்துக்குச் சொந்தமாக ஒரு சர்வர் என்று தொடங்கினேன். யாரும் தங்குவதில்லை. இப்போது புளூஸ்கை என்ற இன்னொரு வலைத்தளத்துக்கு வா என்கிறார்கள். படைப்பு வேலை செய்கிறவன் எந்தக் கருவிக்குப் போவது? மின்னஞ்சலின் காலம் முடிந்துவிட்டதா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

மின்னஞ்சலின் காலம் முடிந்துவிட்டதா என்று மின்னஞ்சலில் கேட்கிறீர்கள். நல்லது.

உங்கள் கடிதம் வந்தபோது நான் பழைய கணினி ஒன்றிலிருந்து கோப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடு பரவுவதற்கு முன்னால், ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் எல்லாருக்கும் போகிற ஒரு மடற்குழுவில் நாங்கள் சிலர் தமிழில் எழுதினோம். உலாவியில் என்கோடிங்கை, அதாவது குறியேற்றத்தை, 'யூசர் டிஃபைண்ட்' என்று மாற்றி, சரியான எழுத்துருவையும் போட்டால்தான் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் கேள்விக்குறியும் புள்ளியும் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளும்தான். சண்டை போட்டோம், மரபுக்கவிதை எழுதினோம், ஒருவர் கவிதையில் இன்னொருவர் தளை தட்டுவதை, அதாவது யாப்பு பிசகுவதைக் காட்டி மகிழ்ந்தோம். குழுவை நடத்திய நிறுவனம் ஒருநாள் கடையைக் கட்டியது. அங்கே இருந்ததெல்லாம் போயிற்று. மடல்களைத் தங்கள் கணினியில் இறக்கி வைத்திருந்த சிலரிடம் மட்டும் எல்லாம் அப்படியே இருக்கிறது. அதில் ஒருவர் அனுப்பிய மூட்டையைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன்.

எனவே புதுக் கருவி என்று யாராவது கண் விரியச் சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: நாம் போட்டதை எடுத்துக்கொண்டு வெளியே வர வழி இருக்கிறதா? 2009 மே மாதம் கூகுள் வேவ் அறிவிக்கப்பட்டபோது, மின்னஞ்சலை இன்று புதிதாகக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே விடை என்றார்கள். உள்ளே நுழைய அழைப்பு வேண்டும், அதற்கு ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே அதை வளர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பரில் போயிற்று. அதே போன்ற கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். லட்சக்கணக்கானோர் சொந்தக் கையால் பக்கம் கட்டிய ஜியோசிட்டீசை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. அதில் எஞ்சியிருப்பது, ஆர்வலர்கள் முண்டியடித்து நகலெடுத்து வைத்ததுதான். ரே டாம்லின்சன் 1971இல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிப் பார்த்த மின்னஞ்சலோ இன்றும் ஓடுகிறது. அதற்கு முதலாளி கிடையாது, அதனால் மூடுவதற்கும் ஆள் இல்லை. அது அழகாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. என் பெட்டியைத் திறந்தால் பாதி வங்கி விளம்பரம்.

மாஸ்டடான் கொஞ்சம் மின்னஞ்சலின் வழியில் வந்தது. முகவரியிலேயே சர்வர் பெயரும் சேர்ந்து வரும், ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் ஒருவரே குடியிருக்க ஒரு சர்வர் எதற்கு? மாதா மாதம் வாடகை, ராத்திரியில் அப்டேட். அந்த நேரத்தில் ஊகார வரிசை முடிந்திருக்கும். டிஸ்கார்ட், டெலிகிராம் பற்றி எனக்கு அபிப்பிராயமே இல்லை. எங்கே வேண்டுமானாலும் போய் உட்காருங்கள்.

எனக்குக் கோபம் அந்த ஊகார வரிசையில்தான். கெ, கே, கை பிரச்சினை இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொம்பை வரைந்தால் 18 மெய்க்கும் அதுவே போதும். உகரமும் ஊகாரமும் அப்படியா? து, தூ, நு, நூ ஒரு வழி. மு, மூ, ரு, ரூ இன்னொரு வழி. பு, பூ வேறு. கு, கூ யாரோடும் சேராது. 36 எழுத்தையும் தனித்தனியாக வரைந்தே ஆக வேண்டும். வேலையின் ருசியே அங்கேதான் இருக்கிறது. பலகை எழுதுகிறவரின் கை தெரிவதும் அங்கேதான்: மூ-வின் வாலை எவ்வளவு இழுக்கிறார், இடம் போதாதபோது எங்கே மடக்குகிறார், தூரிகையை எங்கே தூக்குகிறார். சரியாக அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சர்வர் நிறுவப் போயிருக்கிறீர்கள். சோம்பல் என்றுகூடச் சொல்ல முடியாது. சோம்பேறி தூங்கவாவது செய்வான்.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழைய தமிழ் நூல்களைப் பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள், வேறு சிலர் பிழை திருத்தினார்கள். அவர்களைச் சேர்த்து வைத்தது அன்று எல்லாரிடமும் இருந்த மின்னஞ்சல்தான். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி என்ற தமிழ்க் குறியேற்றத்தில் செய்தவை பின்னால் யூனிகோடுக்கு மாறின. கையில் கோப்பாக இருந்ததால் மாற்ற முடிந்தது. எந்தத் தளத்தில் அறை எடுப்பது என்று அவர்கள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தால் ஒரு நூல்கூட நமக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் தளத்தைப் பார்த்தேன். ஒரு மருந்துக்கடைப் பலகையில் 'ஸ்டோர்ஸ்' என்ற சொல்லுக்கு அடியில் விழுகிற நிழலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு இந்தக் கை நமக்குக் கிடைப்பதே அபூர்வம். அந்தப் படங்களுக்கு ஊர், தெரு, எடுத்த ஆண்டு எதுவும் போடவில்லை. இன்றைக்கே போடுங்கள், பிறகு உங்களுக்கே மறந்துவிடும். பெரிய அளவுப் படங்களை வன்தட்டில் இரண்டு இடத்தில் வையுங்கள். எழுத்துரு முடிந்ததும் எவரும் இறக்கிக்கொள்ளும்படி கோப்பாகக் கொடுங்கள்.

அப்புறம், அந்த ஓவியர். தளம் முழுக்கத் தேடினேன், அவர் பெயர் எங்கும் இல்லை. அவர் எழுத்தை நீங்கள் எழுத்துருவாக்குவது அவருக்குத் தெரியுமா என்று உங்கள் கடிதத்திலும் இல்லை. இத்தனை கருவிகளில் முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், அவரைக் கூப்பிட்டீர்களா? எழுத்துருக் கோப்பில் வடிவமைத்தவர் பெயருக்கு என்றே ஓர் இடம் உண்டு. அங்கே அவர் பெயர் வர வேண்டும். சம்மதம் கேளுங்கள், கைப்பணமாக ஏதாவது கொடுங்கள், கூ-வை எப்படிச் சுழிப்பது என்று அவரையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பார்.

அன்புடன்