சம்பளத்தை எழுத மறந்த கணக்கு

கேள்வி: எனக்கு 27 வயது. பி.எஸ்சி. நர்சிங் படித்தேன், மொத்த மதிப்பெண் 58 சதவீதம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்து நான்கு ஆண்டு ஐந்து மாதம் ஆகிறது. கையில் வரும் சம்பளம் 19,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 11,000. வீட்டுக்கு 6,000 அனுப்புகிறேன். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 5,000 ஆகிறது. பி.எஸ்சி.க்கு வாங்கிய கல்விக் கடனைப் போன ஆண்டுதான் அடைத்து முடித்தேன். வங்கியில் 2.10 லட்சம் இருக்கிறது. ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. நர்சிங் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். ஆண்டுக் கட்டணம் 1.40 லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் 25,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டுமாம். "பெயருக்குச் சேர்ந்துவிட்டு இரவுப் பணியைத் தொடரலாம், வருகைப்பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றும் சொன்னார்கள். படித்து முடித்தால் நர்சிங் கல்லூரியில் 26,000 சம்பளத்தில் டியூட்டர் (பயிற்றுநர்) வேலை கிடைக்குமாம். வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா? அப்பா நகையை அடகு வைக்கலாம் என்கிறார்.

பதில்: நீங்கள் அனுப்பிய தாளில் கட்டணம், விடுதி, தேர்வுக் கட்டணம், ஆய்வேடு அச்சிட்டு பைண்டிங் செய்யும் செலவு வரை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு 5.10 லட்சம் என்று கூட்டியிருக்கிறீர்கள். ஒழுங்கான கணக்குதான். அதில் மிகப் பெரிய செலவை மட்டும் காணவில்லை. அது உங்கள் சம்பளம். மாதம் 19,000 வீதம் 24 மாதத்துக்கு 4.56 லட்சம் கைக்கு வராது. கல்லூரி கேட்கும் கட்டணமே 2.80 லட்சம்தான்!

விடுதியில் இப்போதும் செலவழிக்கிறீர்கள் என்பதால் கூடுதலாகும் தொகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்கள் தாளின்படி கல்லூரி விடுதிக்கு மாதம் 7,500. அதாவது இரண்டு ஆண்டில் 60,000 கூடுதல். தேர்வு, ஆய்வேடு வகையில் 50,000. கட்டணத்தையும் சம்பள இழப்பையும் சேர்த்தால் 8.46 லட்சம். டியூட்டர் வேலையில் மாதம் 7,000 கூடுதலாக வந்தால் ஆண்டுக்கு 84,000. போட்டதைத் திரும்ப எடுக்கப் பத்து ஆண்டு ஆகும். அதுவும் படிப்பு சரியாக 24 மாதத்தில் முடிந்தால்தான்.

அந்த "முடிந்தால்" என்ற சொல்லில்தான் பணம் போகிறது. பாடத்திட்டப் புத்தகத்தைப் பலரும் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் படிப்பார்கள். நான் அதைக் கடன் பத்திரத்தோடு சேர்த்துப் படிக்கச் சொல்வேன். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி சேர்வதற்கு 55 சதவீத மதிப்பெண்ணும், செவிலியராகவும் பேறுகாலச் செவிலியராகவும் பதிவும், பி.எஸ்சி.க்குப் பின் ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். இதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. சேர்ந்த பிறகு வரும் விதிகள்தான் பணப்பையைத் தொடுகின்றன. எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாக 50 சதவீதம் எடுக்க வேண்டும். ஒன்றில் தவறினால் அந்தப் பாடத்தின் இரண்டையுமே மறுபடி எழுத வேண்டும். இரண்டு பாடத்துக்கு மேல் தவறினால் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது. முதலாண்டு முழுவதும் தேறாமல் இரண்டாமாண்டுத் தேர்வில் உட்கார முடியாது. ஒரு பாடத்துக்கு முதல் முறையையும் சேர்த்து மூன்றே வாய்ப்பு. மொத்தப் படிப்பையும் நான்கு ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவிலியர் என்னிடம் வந்தார். கெட்டிக்காரப் பெண். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தார். செய்முறையில் நான்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து இரண்டையும் எழுதினார். பணத்தை 24 மாதத்துக்குக் கச்சிதமாகப் பிரித்து வைத்திருந்ததால் கடைசி ஆறு மாதத்துக்கு எதுவும் இல்லை. விடுதி மெஸ் பாக்கிக்காகக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். சொல்லும்போது கை தானாகக் காது மடலுக்குப் போனது. படிப்பில் அவர் தோற்கவில்லை, பின்னர் தேறிவிட்டார். தவறியது 24 என்ற எண்தான். நீங்கள் 30 மாதத்துக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப் பணி யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். தேர்வு எழுத எழுத்துப் பாடத்திலும் செய்முறையிலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் செய்முறை வருகை நூறு சதவீதமாக வேண்டும். சிறப்புப் பாடத்தின் செய்முறை மட்டும் முதலாண்டில் 650 மணி நேரம், இரண்டாமாண்டில் 950 மணி நேரம். இரவெல்லாம் வென்டிலேட்டர் பக்கத்தில் நின்றுவிட்டு வரும் உடம்பு இதைத் தாங்காது. வருகைப்பதிவைப் "பார்த்துக்கொள்கிறோம்" என்பவர்கள் உங்கள் வருங்கால வைப்பு நிதி பாஸ்புக்கைப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் வகுப்பில் இருந்ததாகச் சொல்லும் அதே மாதங்களில் மருத்துவமனை உங்கள் பெயரில் சந்தா கட்டியது அதில் வரிவரியாக இருக்கும். நாளை ஆசிரியர் பணிக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது இரண்டு தேதிகளும் மோதும். இப்படிப் பேசும் கல்லூரியில் சேரவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அது நிதி ஆலோசனையில் சேருமா என்று தெரியவில்லை.

இனி, எதற்காகப் படிக்கிறீர்கள்? நோயாளியின் அருகிலேயே இருக்க விரும்பினால் எம்.எஸ்சி. என்ற எழுத்துக்காகத் தனியார் மருத்துவமனைகள் சம்பளத்தை அள்ளிக் கொடுப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. கற்பிக்க விரும்பினால் கதை வேறு. எம்.எஸ்சி. இல்லாமல் அந்த ஏணியில் மேலே போக வழியில்லை. உதவிப் பேராசிரியர் ஆவதற்கு மூன்று ஆண்டு அனுபவம், முதல்வர் ஆவதற்குப் பதினைந்து ஆண்டு, அதில் பன்னிரண்டு ஆண்டு கற்பித்தல் என்று படிகள் போகின்றன. மேலே சொன்ன பத்தாண்டுக் கணக்கில் இந்த உயர்வுகள் சேரவில்லை; ஏறினால் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். தீவிர சிகிச்சையே பிடித்திருந்தால் அதற்கான நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் சிகிச்சைப் பொறுப்பேற்கும் செவிலியர்) முதுநிலைப் படிப்பும் இருக்கிறது. மருத்துவமனையிலேயே பணி செய்துகொண்டு இரண்டு ஆண்டு படிப்பது. உதவித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இன்னொரு வாசல், கல்விக் கட்டணமே இல்லாதது: மத்திய அரசு மருத்துவமனைகளின் நர்சிங் அதிகாரி பணிக்காக எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு. பி.எஸ்சி.யும் பதிவும் போதும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30. பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர்க்குத் தளர்வு உண்டு. நர்சிங் அதிகாரி பணியின் அடிப்படைச் சம்பளமே 44,900-இல் தொடங்குகிறது. போட்டி கடுமை, பணியிடம் வட மாநிலத்திலும் விழலாம். ஆனாலும் எம்.எஸ்சி.யை 31 வயதிலும் படிக்கலாம், வயதுத் தளர்வு இல்லாதவர் அப்போது இந்தத் தேர்வை எழுத முடியாது. வயது வரம்பு உள்ளதை முதலில் முயல்வதுதான் சரி.

ஆகவே என் யோசனை: இந்த ஆண்டு சேர வேண்டாம், அடுத்த ஆண்டு சேருங்கள். இப்போது சேர்ந்தால் இரண்டாண்டுச் செலவு 5.10 லட்சம்; வீட்டுக்கு 6,000 வீதம் 1.44 லட்சம். கூடுதல் ஆறு மாதத்துக்கு விடுதியும் வீடும் சேர்த்து 81,000. மொத்தம் 7.35 லட்சம். உங்களிடம் இருப்பது 2.10 லட்சம், கடன் 4 லட்சம் எடுத்தாலும் 1.25 லட்சம் இடிக்கிறது. இன்னும் ஓராண்டு வேலை பார்த்து மாதம் 7,000 ஒதுக்கினால் 84,000 சேரும். அத்தோடு ஐந்து ஆண்டு முழுமையாகிப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்கும்: 11,000 ரூபாய் அடிப்படைக்கு ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 31,700. இன்று ராஜினாமா செய்தால் அது இல்லை. ஓராண்டு பொறுத்தால் இரண்டும் சேர்ந்து அந்த 1.25 லட்சத்தைப் பெரும்பாலும் அடைக்கும். வைப்பு நிதியையும் ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்தால் வருமானத்தில் சேர்த்து வரிக் கணக்குக் காட்ட வேண்டும். எடுக்காமலே விட்டுவிடுங்கள், வட்டி வரும். அந்த ஓராண்டில் நார்செட்டும் எழுதலாம், அரசுக் கல்லூரி இடத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் கட்டணத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்தது.

கடனை நான்கு லட்சத்தோடு நிறுத்துங்கள். அதுவரை வங்கிகள் பொதுவாக அடமானமோ உங்கள் பங்காகக் கைப்பணமோ கேட்பதில்லை. அதற்கு மேலும் கிடைக்கும், கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2 லட்சமாக வாங்கி, படிப்பும் அதன் பிறகு ஓராண்டும் எதுவும் கட்டாமல் இருந்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் வட்டி அசலில் ஏறிவிடும். ஏழு ஆண்டுத் தவணை மாதம் 8,300. வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால் அதே தவணை 6,640. தேர்வில் தவறினால் வங்கி அவகாசம் நீட்டிக்கலாம். வட்டிக்கு அவகாசம் தெரியாது. மத்திய அரசின் வட்டி மானியத்தை பி.எஸ்சி. கடனுக்கு வாங்கியிருந்தால் மறுபடி கிடைக்காது. வரிச் சலுகை என்று யாராவது ஆசை காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். 26,000 சம்பளத்துக்கு வரியே வராது.

நகை வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நகைக் கடனைப் பொதுவாக ஆண்டுக்கொரு முறை திருப்பியோ புதுப்பித்தோ ஆக வேண்டும். அப்போது நீங்கள் சம்பளமில்லாத மாணவி. முதல் கல்விக் கடனை ஒழுங்காக அடைத்தவர் நீங்கள், வங்கி வாசலில் தயங்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை அந்த 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள். தொலைபேசியில் நெருக்கினால், படிப்பை நடுவில் விட்டால் எவ்வளவு திருப்புவார்கள், அசல் சான்றிதழ்களை யார் வைத்துக்கொள்வார்கள் என்று இரண்டே கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த அழைப்பு வராது. இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை வேறொன்று: மருத்துவமனை மனிதவளப் பிரிவில் போய், நீங்கள் பணியில் சேர்ந்த தேதி அவர்கள் பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பயிற்சிக் காலத்தைச் சேர்க்காமல் எழுதியிருந்தால் இப்போதே திருத்திவிடலாம். பணிக்கொடையும் அனுபவச் சான்றும் அந்த ஒரு தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.